எழுவான்கரையில் காலை, படுவான்கரையில் மாலை

இந்திய நீர்க்காகத்தின் கண், நீலமும் பச்சையும் கலந்த நிறம். மோதிரத்துக் கல்லைப் போல மின்னும். மட்டக்களப்பின் கல்லடியில் பிறந்து வளர்ந்த எனக்கு, வாவியில் நட்டிருக்கும் கம்புகளில் சிறகை விரித்து வெயில் காயும் அந்தக் கறுப்புப் பறவையைக் காணாத நாளில்லை. ஆனாலும் அதற்கு இப்படியொரு கண் உண்டு என்பது புதுக் கமரா வந்த பிறகுதான் தெரிந்தது. படத்தைக் கணினியில் போட்டு, தலையை மட்டும் பெருப்பித்துப் பார்த்தபோது நான் போட்ட சத்தத்தில் அம்மா குசினியிலிருந்து ஓடி வந்துவிட்டார். அவருக்கும் காட்டினேன். "இதென்ன, நம்மட ஆத்துல நிக்கிற காகமா இது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆம், நம்முடைய வாவியில் நிற்கிற அதே நீர்க்காகம்தான்!

அன்று தொடங்கிய பரவசம் இன்னும் குறையவில்லை. நெடுங்கால் உள்ளானின் கண் சிவப்பு. செந்நாரையின் கண் மஞ்சள். ஆட்காட்டியின் கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தசை மடிப்பு ஒன்று உண்டு. காலை வெயில் அதில் படும்போது பார்க்க வேண்டும். இவையெல்லாம் நூல்களில் எழுதப்பட்டவைதான். நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீரில், நாமே பார்த்து, நாமே எடுத்த படத்தில் அவற்றைக் காண்பது வேறு.

என்னிடம் இருப்பது கனன் ஆர் 10. 2022இல் வந்த கமரா. புதிதாகப் பழகுவோரை நினைத்துச் செய்தது. அதோடு 100-400 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று. கமரா 429 கிராம், லென்ஸ் 635 கிராம். இரண்டையும் மாட்டி ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறிவிடலாம். முக்காலி வேண்டாம், தோள்வலி இல்லை. சென்சர் சற்றுச் சிறியது என்பதால் அந்த 400 மில்லிமீற்றர், பெரிய சென்சர் கமராவில் 640 மில்லிமீற்றர் லென்ஸ் காட்டும் நெருக்கத்தைத் தந்துவிடுகிறது. பறவைக்காரருக்கு இது வரம்.

மிரர்லெஸ் என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். பழைய எஸ்எல்ஆர் கமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். படம் எடுக்கும் கணத்தில் 'டக்' என்று எழுந்து விலகும். இதில் அந்தக் கண்ணாடியே கிடையாது. ஒளி நேரே சென்சரில் விழுகிறது. சென்சர் பார்ப்பதையே கண் வைக்கும் துவாரத்துக்குள் இருக்கும் சிறு திரையில் நாமும் பார்க்கிறோம். 2008இல் பனசோனிக் ஜி1 வந்தபோதே இந்த முறை தொடங்கிவிட்டது. பறவைகளை எடுப்போரை அது முழுதாக இழுத்துக்கொண்டது பின்னால்தான். கனன் 2020இல் ஆர் 5, ஆர் 6 கமராக்களிலும், சோனி 2021இல் ஆல்ஃபா 1 கமராவிலும், பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் திறமையைக் கொண்டுவந்தன. சென்சர் எந்நேரமும் விழித்திருப்பதால் பறவை எங்கே, தலை எங்கே, கண் எங்கே என்று அது இடைவிடாமல் தேடுகிறது. கண் அகப்பட்டதும் அதன்மேல் ஒரு நீலச் சதுரம் வந்து ஒட்டிக்கொள்ளும். கொக்கு தலையைத் திருப்பினால் சதுரமும் திரும்பும். நாணலுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தால் சதுரம் மறுபடி அதைக் கண்டுபிடிக்கும். அந்த நீலச் சதுரத்தை முதன்முதல் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இந்த வசதி சில ஆண்டுகளுக்குள்ளேயே ஆர் 10 போன்ற சிறிய கமராவுக்கும் இறங்கி வந்துவிட்டது. ஆசிரியச் சம்பளத்தில் சீட்டுக் கட்டிச் சேர்த்து வாங்கியவளுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி!

கண்ணைப் பிடிக்கும் வேலையைக் கமரா எடுத்துக்கொண்டதால் எனக்கு மிஞ்சியது என்ன? எங்கே நிற்பது, எப்போது நிற்பது. இந்தக் கலையின் இனிமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் தீர்மானமான எண்ணம். அதைக் கற்றுக்கொள்ள மட்டக்களப்பு வாவியை விடச் சிறந்த இடம் இந்த நாட்டில் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

வாவி கடலுக்குச் சமாந்தரமாக வடக்கிலிருந்து தெற்காக 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. கிழக்கே கடலோரமாக எழுவான்கரை: நகரம், கல்லடி, குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி, கல்லாறு. மேற்கே படுவான்கரை: வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை, மண்டூர், அவற்றுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். காலையில் எழுவான்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால். மாலையில் படுவான்கரைக்குப் போய்த் திரும்பி நின்றால் அப்போதும் சூரியன் முதுகுக்குப் பின்னால். ஒரே தண்ணீர், ஒரே பறவைகள், இரண்டு வேளையும் பறவையின் முகத்தில் நேர் ஒளி. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கரை மாறுவதும் சில நிமிட வேலை. முன்பெல்லாம் 'பாதை' என்னும் மிதவைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஒளி மட்டும் போதாது என்று எனக்குச் சொன்னவர் ஒரு மீனவர். மண்முனைப் பக்கம் வீச்சுவலையோடு தோணியிலிருந்து இறங்கியவர், நான் கொக்குகளுக்கு லென்ஸை நீட்டிக்கொண்டு நிற்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அருகே வந்து, "புள்ள, காத்து எந்தப் பக்கமிருந்து வருகுதோ அந்தப் பக்கம்தான் கொக்கு மூக்க வச்சிரிக்கும். எழும்புறதும் அப்புடித்தான், இறங்குறதும் அப்புடித்தான். நீங்க இந்தப் பக்கம் நிண்டா வாலத்தான் படம் புடிக்கலாம்" என்றார்.

எந்த நூலும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். சிறகுக்கு மேல்நோக்கிய தூக்குவிசை அப்போதுதான் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே காற்றும் நம் முதுகில் பட வேண்டும், வெயிலும் நம் முதுகில் பட வேண்டும். இரண்டும் ஒரே பக்கமிருந்து வந்தால் பறவை நம்மை நோக்கி, ஒளி நிறைந்த முகத்தோடு வந்துகொண்டே இருக்கும்.

இதை வைத்துக்கொண்டு எங்கள் பருவங்களை எண்ணிப் பாருங்கள். மாரியில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். அப்போது காலையில் எழுவான்கரையில் நின்றால் வாடையும் முதுகில், சூரியனும் முதுகில். வைகாசி பிறந்து கச்சான் தொடங்கினால் காற்று தென்மேற்கிலிருந்து, நிலப்பக்கமிருந்து வரும். அப்போது மாலையில் படுவான்கரையில் நின்றால் கச்சானும் முதுகில், இறங்கும் சூரியனும் முதுகில்! கடற்காற்று குறுக்கிடும் நாட்களும் உண்டு, அன்றைக்குப் புல்லின் சாய்வைப் பார்த்து இடத்தை மாற்ற வேண்டும். ஆனால் பொதுவில் இந்தக் கணக்கு பிசகுவதில்லை. மாரிக்கு ஒரு கரை, கோடைக்கு ஒரு கரை என்று இயற்கையே பிரித்து வைத்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இந்தக் கணக்கின் உச்சப் பலனை எனக்குத் தந்தது கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. வலையிறவுப் பாலத்தடிக்குப் போங்கள். மின்கம்பியில் ஒரு சோடி இருக்கும். ஆணுக்கு மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள். பெண்ணுக்கு ஒன்று, அதுவும் நடுவில் அறுந்திருக்கும். மற்ற மீன்கொத்திகள் கிளையிலோ கம்பியிலோ இருந்து பாயும். இதுவோ தண்ணீருக்கு மேலே வெறும் காற்றில் நிற்கும். சிறகு படபடக்கும், உடல் செங்குத்தாகும், அலகு கீழே நோக்கும், தலை மட்டும் இம்மியும் அசையாது. நிற்கும்போது முகம் காற்றை நோக்கியே இருக்கும். ஆகவே நாம் காற்றுக்கு முதுகு கொடுத்து நின்றால் அது நமக்கு முகம் கொடுத்து நிற்கும். தலை அசையாததால் நீலச் சதுரமும் கண்ணில் அப்படியே நிலைகொள்ளும். ஷட்டர் 1/3200 நொடி. பத்து நொடி நின்றால் எத்தனை படங்கள்!

பிறகு சட்டென்று சிறகை மடக்கித் தலைகீழாக விழும். நம் கண் அதைக் கண்டு, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குக் கால் நொடியாவது ஆகிவிடும். அதற்குள் அது தண்ணீருக்குள். இங்கேதான் இந்தக் கமராவின் மாயம் வருகிறது. பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் அது உள்ளுக்குள் படங்களை எடுத்து எடுத்து அழித்துக்கொண்டே இருக்கும். முழுதாக அழுத்தியதும், அழுத்துவதற்கு அரை நொடி முன்னாலிருந்தே இருந்த படங்களைச் சேமித்துவிடும், நொடிக்கு 30 படம் என்ற வேகத்தில். நடந்து முடிந்த ஒன்றைப் பின்னால் போய் எடுத்துவரும் வித்தை இது. இந்த முறையில் சென்சர் படத்தை வரிவரியாக வாசிக்கிறது. அதனால் வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து தெரியலாம். மீன்கொத்தி பாயும்போது சிறகு மடங்கியிருப்பதால் அந்தக் கவலை குறைவு. சிறகு விரித்துப் பறக்கும் செம்பருந்துக்கும் ஆலாவுக்கும் பொறிமுறை ஷட்டருக்கு மாறிவிடுவேன். அதிலும் நொடிக்கு 15 படம் கிடைக்கிறது.

அலகு தண்ணீரைத் தொடும் கணம், இன்னும் ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை, கீழே அதன் நிழலுருவம் மேலேறி வந்து அலகோடு அலகு முட்டுகிறது. அப்படி ஒரு படம் என்னிடம் இருக்கிறது! கண் கூர்மையாக இருக்கிறது. அதைச் சட்டம் போட்டுப் பள்ளிக்கூட நூலகத்தில் மாட்டியிருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

வெள்ளைக் கொக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரும்பச்சைக் கண்டல் மரத்துக்கு முன்னால் வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுப்பது கடினம் என்பார்கள். சுற்றிலும் இருட்டாக இருப்பதால் கமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; கொக்கின் இறகு விவரமெல்லாம் வெளிறிப்போகும். மிரர்லெஸ்ஸில் அந்த வெளிறல் படம் எடுப்பதற்கு முன்பே திரையில் தெரிகிறது. சக்கரத்தை ஒரு படி, இரண்டு படி கீழே திருப்பத் திருப்ப இறகின் வரிகள் ஒவ்வொன்றாக வெளிப்படுவதைக் கண்ணாலேயே காணலாம். வெளிச்சக் கணக்கைப் பாடமாக்கத் தேவையே இல்லை; பார்த்துப் பார்த்தே கை பழகிவிடுகிறது.

தை பிறந்து மழை விட்டதும் நான் கரையை விட்டு வயலுக்குப் போய்விடுவேன். படுவான்கரையில் மாரி வெள்ளாமை வெட்டுத் தொடங்கும். அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் ஊர்வலம் போகும். ஈரம் காயாத வரவைகளில் நத்தைகுத்தி நாரைகள் இறங்கும். அதன் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி விடும். அந்த இடைவெளி வழியாக அப்பாலுள்ள பச்சை தெரியும்படி ஒரு படம் எடுப்பதுதான் சென்ற பருவத்தில் எனக்கு இருந்த பெரிய ஆசை. அதற்கு உதவியது ஒரு ஓட்டோ. நடந்துபோனால் நாரை எட்டத்திலேயே எழும்பிவிடும். ஓட்டோவுக்குள் அமர்ந்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் அது தன்பாட்டில் மேய்ந்துகொண்டு கிட்டே வரும். மனிதனின் இரண்டு கால் உருவத்துக்குத்தான் பறவை பயப்படுகிறது. வாகனத்தை அது பொருட்படுத்துவதில்லை. ஓட்டோக்காரத் தம்பிக்கும் இப்போது பைத்தியம் பிடித்துவிட்டது. வழியில் எங்காவது பனங்காடையைக் கண்டால் தானாகவே நிறுத்தி, "டீச்சர், நீலம்" என்கிறார்.

வயலோரக் குளங்களில் நீளவால் இலைக்கோழி. தாமரை இலைமேல் நடக்கும் அந்தப் பறவைக்கு விரல்கள் எவ்வளவு நீளம் என்று படத்தில்தான் புரியும். இனப்பெருக்கக் காலத்தில் வால் நீண்டு வளைந்து, பிடரி பொன்னிறமாகிவிடும். முட்டையை அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண்தான்; பெண் அடுத்த சோடியைத் தேடிப் போய்விடும். வகுப்பில் இதைச் சொன்னபோது பெண்பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் கூடு தெரிந்தால் நான் கமராவை இறக்கிவிடுவேன். பாலமீன்மடுப் பக்கத்து மணலிலும் அப்படித்தான். சின்ன ஆலா வெறும் மணலிலேயே முட்டையிடும் பறவை. நாம் கிட்டப் போய் நின்றால் தாய் எழும்பிவிடும், முட்டை வெயிலில் காயும். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

இதை எழுதும்போது வின்சென்ட் லெக் நினைவுக்கு வருகிறார். பிரித்தானிய இராணுவ அதிகாரியாக இலங்கைக்கு வந்து, இங்குள்ள பறவைகளைப் பற்றி 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக மிகப் பெரிய நூலொன்றை வெளியிட்டவர். கியூலமான்ஸ் வரைந்த வண்ணப் படங்கள் அதில் உண்டு. அந்தக் காலத்துப் பறவையியலாளர்கள் கண்ணின் நிறத்தைக் குறித்துக்கொள்ளவும் பறவையைச் சுட்டுத்தான் கையில் எடுத்தார்கள். உயிர் போன பிறகு கண்ணின் நிறம் மாறிவிடும் என்பதால் உடனே குறிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு வேறு வழியில்லை. எனக்கு இருக்கிறது. நான் கண்ட நீர்க்காகம் கம்பிலேயே இருந்தது. நான் போன பிறகும் சிறகு காயவைத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். சத்தமில்லாத ஷட்டர் என்பதால் நான் எடுத்ததுகூட அதற்குத் தெரியாது. எடுத்த படத்தை ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் இடம், நாள், நேரத்தோடு சேர்த்துவிடுகிறேன். பறவை பார்க்க வருவோர் குமண, புந்தல, மன்னார் என்று போகிறார்கள், போகட்டும். மீன்பாடும் தேன்நாடு என்று மீனுக்குப் பேர்பெற்ற ஊர் பறவைக்கும் பேர்பெறும் காலம் வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு எங்கள் படங்களும் பதிவுகளும் குவிய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். போர்க்காலத்தில் இந்தக் கரையில் இவ்வளவு நீளமான லென்ஸை அக்கரைக்கு நீட்டிக்கொண்டு நிற்பதை யாரால் நினைத்துப் பார்க்க முடியும்? இரண்டு கரையும் இரண்டு தரப்பிடம் இருந்த காலம் அது; வவுணதீவுக்குப் போவதே ஒரு பயணம். அப்போதும் ஆலாக்கள் வந்திருக்கும், போயிருக்கும். நாங்கள்தான் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. இப்போது விடியற்காலையில் பாலத்தின் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் படம் எடுக்கும்போது எனக்கு வரும் சந்தோசத்தில் பாதி பறவையால் வருவது. மீதி, அங்கே நிற்க முடிவதால் வருவது.

புதிதாகத் தொடங்குவோருக்கு என்னிடம் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். எப்/8, ஷட்டர் 1/2000, ஐஎஸ்ஓவைக் கமராவிடம் விட்டுவிடுங்கள். பறவை அசையாமல் இருந்தால் 1/500க்கு இறங்கலாம். இந்த லென்ஸுக்கு ஒளி குறைவாகத்தான் வரும், விடியலில் ஐஎஸ்ஓ 6400க்கு ஏறிப் படத்தில் மணல்மணலாகத் தெரியும். தெரியட்டும், கண் கூர்மையாக இருந்தால் போதும். வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அதை வெல்ல முடியாது, அப்போது வீட்டுக்குப் போய்ப் படங்களைப் பாருங்கள். குந்தியிருந்து எடுங்கள், பறவையின் கண்மட்டத்துக்கு நாம் இறங்கினால் பின்னணி கரைந்துபோய்ப் பறவை தனித்து நிற்கும். மிரர்லெஸ்ஸில் திரையைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்பதால் சேற்றில் படுக்கவும் தேவையில்லை.

இனி வரப்போவது கூழைக்கடா. தண்ணீரில் இறங்கும்போது அது கால் இரண்டையும் முன்னே நீட்டி, சிறகை முழுதாக விரித்து வழுக்கிக்கொண்டு வரும். அதை நேர் முகத்தில் எடுக்க வேண்டும். அதற்கான இடமாகக் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகும் பாதைப் படகைப் பார்த்து வைத்திருக்கிறேன். தண்ணீர் மட்டத்துக்கு மிகக் கிட்டத்தில் நின்று எடுக்கலாம், சுற்றிவர மறைப்பும் இல்லை. காற்று வாடைக்குத் திரும்பட்டும். அதுவரை சனிக்கிழமைகளில் விடிய ஐந்தரைக்கு வலையிறவுப் பாலத்தடியில் நிற்பேன். கமரா இல்லாதவர்களும் வாருங்கள். என்னுடையதைக் கையில் தருகிறேன், மீன்கொத்தியின் கண்ணில் அந்த நீலச் சதுரம் ஒட்டுவதை நீங்களே பாருங்கள்.